ஷாக்கில் ஓ'நீல்: காலேஜ் கோர்ட்ல இருந்து பர்கர் கடை, டிவி வரைக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புதுசா என்பிஏ (அமெரிக்க பேஸ்கட்பால் லீக்) பார்க்க ஆரம்பிச்சவங்க ஷாக் பத்தி என்கிட்ட நிறைய கேக்குறாங்க. டிவில உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருக்குற அந்த பெரிய மனுஷன் யாரு, அவருக்கு எப்படி இவ்ளோ கடை, நிஜமாவே டாக்டரானு எல்லாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், எனக்கு அந்த மனுஷன ரொம்ப பிடிக்கும்.

யாரு இந்த ஷாக்?

முழுப் பேரு ஷாக்கில் ரஷான் ஓ'நீல். 1972 மார்ச் 6, அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாநிலம் நியூவார்க்ல பிறந்தாரு. அம்மா லூசில். பெத்த அப்பா சின்ன வயசுலயே கூட இல்ல, வளர்த்தது அம்மா கல்யாணம் பண்ணிக்கிட்ட ஃபிலிப் ஹாரிசன், ராணுவத்துல சார்ஜென்ட். ஷாக் இன்னைக்கு வரைக்கும் அவரத்தான் அப்பாங்குறாரு. ராணுவ வீட்டு பிள்ளைங்குறதால ஊர் ஊரா மாறி வளர்ந்தவரு. உயரம் 7 அடி 1 அங்குலம், ஆடுன காலத்துலயே எடை நூத்தம்பது கிலோவ தொட்டுச்சு. எல்எஸ்யூனு சொல்ற லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டில மூணு வருஷம் காலேஜ் பேஸ்கட்பால், அப்புறம் என்பிஏல 19 சீசன், இப்ப பிசினஸ், டிவி.

இவ்ளோ உயரமா இருந்தா பேஸ்கட்பால் தானா வந்துடுமே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்குறாங்க. வரல. இவர் கதையில எனக்கு ரொம்ப பிடிச்ச இடமே இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

அப்பாவுக்கு ஜெர்மனில போஸ்டிங், அமெரிக்க ராணுவ முகாம்ல குடும்பம். அங்க எல்எஸ்யூ கோச் டேல் பிரவுன் ஒரு பயிற்சி வகுப்பு எடுக்க வந்திருக்காரு. வகுப்பு முடிஞ்சதும் ஆறரை அடிக்கு மேல ஒரு ஆளு வந்து, சார் எனக்கு கால்ல பலமே இல்ல, டங்க் (எம்பி பந்த கூடைக்குள்ள அடிக்குறது) பண்ண முடியல, என்ன எக்சர்சைஸ் பண்ணலாம்னு கேட்டிருக்கான். பிரவுன் அவன சிப்பாய்னு நினைச்சு, ஆர்மில சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சுப்பானு கேட்டா, நான் ஆர்மில இல்ல சார், எனக்கு 13 வயசுதான்னு பதில் வந்திருக்கு. பிரவுன் அடுத்து கேட்டது ஒண்ணுதான்: உங்க அப்பா எங்க இருக்காரு?

ஊருக்கு திரும்பிப் போயும் அந்த கோச் மறக்கல. எக்சர்சைஸ் எழுதி அனுப்புனாரு, வருஷக்கணக்கா லெட்டர் போட்டுக்கிட்டே இருந்தாரு. நடுவுல ஸ்கூல் டீம்லயே எடுக்காம விட்டுட்டாங்க, மனசு ஒடஞ்சு அதையும் பையன் கோச்சுக்கு எழுதியிருக்கான், விடாம உழைனு அவரும் பதில் போட்டிருக்காரு. அப்புறம் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவுல கோல் ஹைஸ்கூல். அங்க இவர் இருந்த ரெண்டு வருஷத்துல டீம் 68 மேட்ச் ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணு தோத்துச்சு, 1989ல மாநில சாம்பியன். அப்போ நாட்டுல எந்த காலேஜ்னாலும் இவர எடுத்துக்க ரெடி. இவர் போனது லெட்டர் போட்ட கோச்கிட்ட.

காலேஜ்ல எப்படி ஆடுனாரு? சாம்பியன் ஆனாரா?

ஆகல. மூணு வருஷமும் என்சிஏஏ டோர்னமென்ட் (காலேஜ் டீம்களுக்கான தேசிய போட்டி) போனாங்க, மூணு தடவையும் ரெண்டாவது ரவுண்டுக்கு மேல தாண்டல. 1990ல ஜார்ஜியா டெக், 1991ல முதல் ரவுண்டுலயே கனெக்டிகட், 1992ல இண்டியானாகிட்ட தோத்தாங்க.

ஆனா தனி ஆளா பார்த்தா மிரட்டல். மூணு வருஷ சராசரி மேட்ச்சுக்கு 21.6 பாயின்ட், 13.5 ரீபவுண்ட் (கூடைல விழாம திரும்புற பந்த புடிக்குறது), 4.6 பிளாக் (எதிராளி போடுற பந்த தட்டிவிடுறது). 1991ல நாட்டுலயே சிறந்த காலேஜ் பிளேயர்னு ஏபி செய்தி நிறுவனத்தோட விருது. 1990 பிப்ரவரில லயோலா மேரிமவுண்ட்னு காட்டுத்தனமா வேகமா ஆடுற ஒரு டீம் வந்துச்சு, அந்த மேட்ச் ஓவர்டைம் போயி 148-141னு எல்எஸ்யூ ஜெயிச்சுச்சு. ஸ்கோர் தப்பா அடிச்சிட்டேன்னு நினைக்காதீங்க, காலேஜ் மேட்ச்தான், 40 நிமிஷமும் ஒரு ஓவர்டைமும்தான். முதல் வருஷ பையன் ஷாக் அன்னைக்கு 20 பாயின்ட், 24 ரீபவுண்ட், 12 பிளாக். அந்த ஓட்டத்துல ஒரு பெரிய உடம்பு கூடவே ஓடி கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சதுதான் பெருசு, பாயின்ட் ரெண்டாம்பட்சம். வீடியோ கிடைச்சா பாருங்க.

அப்புறம் ஏன் டிகிரி முடிக்காம போனாரு?

அடி. மூணு பேரு சேர்ந்து மறிப்பாங்க, இழுப்பாங்க, தொங்குவாங்க. 1992 எஸ்இசி (எல்எஸ்யூ ஆடுற காலேஜ் லீக்) டோர்னமென்ட்ல டென்னசி டீமோட ஆடும்போது ஒரு பிளேயர் இவர பின்னாடி இருந்து புடிச்சு இழுக்க, பெரிய கைகலப்பாகி கோச் டேல் பிரவுனே கோர்ட்டுக்குள்ள ஓடி வந்துட்டாரு. அந்த சீசனோட ஷாக் கிளம்பிட்டாரு. 1992 டிராஃப்ட்ல (என்பிஏ டீமுங்க புது பிளேயர்கள வரிசையா தேர்ந்தெடுக்குறது) முதல் ஆளா ஆர்லாண்டோ மேஜிக் எடுத்தாங்க.

கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு வாக்கு குடுத்தாரு, டிகிரிய முடிச்சிடுறேன்னு. கோடிக்கணக்குல பணம் வந்ததும் இந்த மாதிரி வாக்கெல்லாம் காத்துல போறதுதான் வழக்கம். இவர் சம்மர்ல எல்லாம் படிச்சு பாஸ் பண்ணி, 2000 டிசம்பர் 15, அப்போ அவர் ஆடிக்கிட்டு இருந்த லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டீமுக்கு சொந்த ஊர்ல மேட்ச் இருந்த நாள்ல லீவ் கேட்டு வாங்கிக்கிட்டு, எல்எஸ்யூ இருக்குற பேட்டன் ரூஜ் போயி கவுன் போட்டு பட்டம் வாங்குனாரு. அப்போ அவர் என்பிஏ சாம்பியன், எம்விபி (சிறந்த பிளேயர் விருது), 28 வயசு. இனிமே எனக்கு ஒரு நிஜ வேலை கிடைக்கும்னு அன்னைக்கு சொன்னாரு. பிள்ளைய பார்த்துட்டு அம்மா லூசிலும் காலேஜ் போயி 2003ல டிகிரி வாங்கிட்டாங்க. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த அம்மாவுக்கு கையெடுத்து கும்பிடணும்.

என்பிஏ சாதனை சுருக்கமா?

இது எல்லா இடத்துலயும் கிடைக்கும், வேகமா சொல்லிட்டு போயிடுறேன். ஆர்லாண்டோவுல நாலு வருஷம், 1996ல லேக்கர்ஸ் போனாரு, கோபி பிரையன்ட் கூட சேர்ந்து 2000, 2001, 2002 வரிசையா மூணு கப், மூணுலயும் ஃபைனல்ஸ் எம்விபி. 2006ல மயாமி ஹீட் கூட நாலாவது. மொத்தம் 28,596 பாயின்ட். 2011 ஜூன்ல ரிட்டயர். 2016ல ஹால் ஆஃப் ஃபேம்.

குறைனு பார்த்தா ஃப்ரீ த்ரோ, அதாவது ஃபவுல் ஆனா யாரும் மறிக்காம நின்னு போட குடுக்குற பந்து, அதுல 52.7 சதவீதம்தான் உள்ள போச்சு. 5,317 ஃப்ரீ த்ரோ தவற விட்டிருக்காரு. வேணும்னே இவர ஃபவுல் பண்ணி லைனுக்கு அனுப்புறதையே ஒரு தந்திரமா வச்சிருந்தாங்க, அதுக்கு 'ஹேக் எ ஷாக்'னு பேரே வந்துடுச்சு.

முதல் பத்து லட்சம் டாலர ஒரே நாள்ல செலவு பண்ணாராமே?

அவரே பல பேட்டில சொல்லிருக்காரு. டிராஃப்ட் ஆன புதுசுல விளம்பர ஒப்பந்தத்துல வந்த முதல் பெரிய செக். நேரா போயி தனக்கு ஒரு பென்ஸ், வீட்டுக்கு வந்தா அப்பா எனக்கு எங்கனு கேக்க அவருக்கு ஒண்ணு, அப்புறம் அம்மாவுக்கு ஒண்ணு, நகை, துணினு போய்க்கிட்டே இருக்க, பேங்க்ல இருந்து ஃபோன் வருது, தம்பி உங்க கணக்கு மைனஸ்ல போயிடுச்சு, வரினு ஒண்ணு இருக்குறது தெரியுமானு. தெரியாது. இருபது வயசுப் பையன், பத்து லட்சம்னா பத்து லட்சமும் கைக்கு வரும்னு நினைச்சிருக்கான்.

அங்க இருந்து திருந்துனாரு. கணக்கு பார்க்க ஆள் வச்சாரு, வர்றதுல பெரும்பங்க தொடாம எடுத்து வச்சுட்டு மிச்சத்துல வாழுற பழக்கத்துக்கு வந்தாரு. கூட ஆடுனவங்க பல பேரு ரிட்டயர் ஆகி சில வருஷத்துலயே கையில ஒண்ணும் இல்லாம நின்னத கண்ணால பார்த்தவரு, அந்த பயம் இன்னும் இருக்குனு அவர் பேச்சுலயே தெரியும்.

பணம் இருக்கும்போது எம்பிஏ எதுக்கு?

பிசினஸ் மீட்டிங்ல உக்காந்தா எதிர்ல இருக்குறவங்க இவர பார்க்காம இவரோட ஏஜென்ட்ட, வக்கீல பார்த்துத்தான் பேசுவாங்களாம், அது அவர உறுத்தியிருக்கு. 2005ல யூனிவர்சிட்டி ஆஃப் ஃபீனிக்ஸ்ல எம்பிஏ முடிச்சாரு, அப்பவும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தாரு. மயாமிக்காக ஒரு பக்கம் மேட்ச், ஒரு பக்கம் படிப்பு.

என்னென்ன பிசினஸ் வச்சிருக்காரு?

லிஸ்ட் போட்டா முடியாது, முக்கியமானத மட்டும் சொல்றேன்.

ஃபைவ் கைஸ்னு ஒரு பர்கர் கடை, வர்ஜீனியாவுல ஆரம்பிச்சது. அதுல ஒரு கட்டத்துல இவர் கையில 155 கடை, அந்த கம்பெனி கடைகள்ல சுமார் பத்துல ஒரு பங்கு. அப்புறம் நல்ல விலைக்கு வித்துட்டாரு. ஃபிரான்சைஸ்ங்குறது எப்படினா, பேரும் மெனுவும் செய்முறையும் கம்பெனியோடது, இடம் பிடிச்சு கடை போட்டு ஆள் வச்சு நடத்துறது நீங்க, அதுக்கு முன்பணமும் விற்பனைல ஒரு பங்கும் கம்பெனிக்கு போகும். ஒரு கடைல வர்ற லாபம் சின்னது, நூறு கடை இருந்தாத்தான் காசு. நிறைய கடைய ஒரே ஆள் பிடிச்சு வச்சா அரிசி மூட்டைய மொத்தமா வாங்குற மாதிரி, எல்லா செலவும் இறங்கும். ஷாக்குக்கு இது புரிஞ்சிருந்துச்சு. ஆன்ட்டி ஆன்ஸ் பிரெட்ஸல் கடை 17, கார் வாஷ், ஜிம்னு அதே முறைலதான் போனாரு. அட்லாண்டாவுல பான்ஸ் டி லியோன் அவென்யூல ஒரு பழைய கிரிஸ்பி க்ரீம் டோனட் கடை, ஊர் ஜனங்களுக்கு அது ஒரு அடையாளம், 2016ல வாங்குனாரு. 2021ல தீப்பிடிச்சு போச்சு. காப்பீட்டு பணத்த வாங்கிட்டு இடத்த வித்துட்டு போயிருக்கலாம், திரும்ப கட்டி 2024ல திறந்தாங்க.

பாப்பா ஜான்ஸ் பீட்சா கதை வேற மாதிரி. அதோட நிறுவனர் கறுப்பின மக்கள இழிவுபடுத்துற வார்த்தைய ஒரு ஃபோன் பேச்சுல பயன்படுத்துனது 2018ல வெளிய வந்து, விற்பனை விழுந்து, அவர் தலைவர் பதவில இருந்து விலகுனாரு. 2019ல ஷாக் அந்த கம்பெனி போர்டுக்கு வந்தாரு, அந்த போர்டுல உக்காந்த முதல் கறுப்பினத்தவர் இவருதான். அட்லாண்டா பகுதில ஒன்பது கடைல முதலீடும் பண்ணாரு. இதுல எனக்கு மாத்துக்கருத்து உண்டு, கெட்டுப்போன பேர சரிபண்ண ஒரு நல்ல முகத்த வாடகைக்கு எடுத்த மாதிரினு அப்போ தோணுச்சு. ஆனா விளம்பரத்துல சிரிக்குறதோட நிக்காம முடிவு எடுக்குற மேசைல ஒரு நாற்காலியும் கேட்டு வாங்குனாருல, அது சாமானியம் இல்ல.

தனக்குனு சொந்தமா பிக் சிக்கன், 2018ல லாஸ் வேகாஸ்ல ஆரம்பிச்சது.

முதலீடுனா கூகுள். பங்குச்சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடியே பணம் போட்டவரு. ஹோட்டல்ல சாப்பிட உக்காந்தப்போ பக்கத்து மேசை குழந்தைங்க கூட விளையாடிக்கிட்டு இருந்தாராம், அந்த மேசைல இருந்த பெரியவங்க மூலமா வந்த வாய்ப்பு அது. இன்னும் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்னு இன்னைக்கும் பொலம்புறாரு. ரிங்னு கேமரா வச்ச காலிங் பெல் கம்பெனி, முதல்ல தன் வீட்டுக்கு வாங்கி மாட்டுனாரு, பிடிச்சுப்போயி கம்பெனிக்காரர தேடிப்போயி பங்கு கேட்டாரு, 2018ல அமேசான் நூறு கோடி டாலருக்கு மேல குடுத்து அத வாங்கிடுச்சு. மனுஷங்க வாழ்க்கைய மாத்துற பொருளா இருந்தா மட்டும் பணம் போடுனு ஜெஃப் பெசோஸ் சொன்னத கேட்டதுல இருந்துதான் தன் முதலீடு உருப்பட்டுச்சுனு சொல்லுவாரு.

ஸ்டார்பக்ஸ விட்டுட்டாராமே?

ஆமா. ஸ்டார்பக்ஸ் காபி கடை கம்பெனியோட ஹோவர்ட் ஷுல்ட்ஸ் கூப்பிட்டு கேட்டிருக்காரு, எங்க ஆளுங்க காபி குடிச்சு நான் பார்த்ததே இல்லைனு இவர் வேணாம்னுட்டாரு. அதே வாய்ப்ப பழைய லேக்கர்ஸ் ஸ்டார் மேஜிக் ஜான்சன் எடுத்து, கறுப்பின மக்கள் வாழுற பகுதிகள்ல கடை போட்டு நூறத் தாண்டிட்டாரு. ஷாக் இத மறைக்குறதே இல்ல, எங்க போனாலும் சொல்லுவாரு. மேஜிக் தன்னோட குரு மாதிரினும் சொல்லுவாரு.

அந்த விலை கம்மி ஷூ கதை என்ன?

1992ல ரீபாக்னு ஷூ கம்பெனி கூட ஒப்பந்தம், ஷாக் அட்டாக்னு ஷூ வந்துச்சு, நல்லா வித்துச்சு. அப்புறம் ஒரு நாள் மேட்ச்சுக்கு போற வழில ஒரு அம்மா மறிச்சு, என் புள்ள உன் ஷூ வேணும்னு அழுவுறான், இவ்ளோ விலை வச்சா நாங்க எங்க போறதுனு சத்தம் போட்டிருக்காங்க. இவர் பாக்கெட்ல இருந்த ரெண்டாயிரம் டாலர எடுத்து நீட்ட, அந்த அம்மா கைய தட்டிவிட்டுட்டு, பணம் வேணாம், குழந்தைங்க வாங்குற விலைல ஷூ போடுனு சொல்லிட்டு போயிட்டாங்களாம். இவர் ரீபாக்க விட்டு வெளிய வந்து, வால்மார்ட் மாதிரி கடைகள்ல இருபது, முப்பது டாலருக்குள்ள தன் பேர்ல ஷூ விக்க ஆரம்பிச்சாரு. இதுவரைக்கும் 40 கோடி ஜோடிக்கு மேல வித்துச்சுனு அவர் சொல்ற கணக்கு.

சின்ன வயசுல தன் கால் சைஸுக்கு ஷூ கிடைக்காம அலைஞ்சவருக்கு அந்த அம்மா சொன்னது எங்க குத்தியிருக்கும்னு யோசிச்சு பாருங்க. 2023ல அதே ரீபாக் இவர பேஸ்கட்பால் பிரிவுக்கு பிரசிடென்ட் ஆக்குச்சு. 2015லயே தன் பேரோட உரிமைய அத்தென்டிக் பிராண்ட்ஸ்னு ஒரு கம்பெனிக்கு குடுத்து அதுல பங்குதாரர் ஆகியிருந்தாரு, ரீபாக்க பின்னாடி வாங்குனது அந்த கம்பெனிதான்.

எல்லாமே வெற்றிதானா?

இல்ல. கிரிப்டோல எஃப்டிஎக்ஸ்னு ஒரு கம்பெனி விளம்பரத்துல நடிச்சாரு, 2022ல அது மூழ்கி ஏகப்பட்ட பேரு பணத்த இழந்தாங்க. காசுக்கு பேசுன விளம்பர ஆளு மட்டும்தான் நான்னு சொல்லிப் பார்த்தாரு. வழக்கு வந்து, கடைசில 2025ல 18 லட்சம் டாலர் குடுத்து சமாதானம் பண்ணாரு. இவர நம்பி பணம் போட்டவங்களுக்கு இவர் முகம்தானே உத்தரவாதமா தெரிஞ்சிருக்கும். இவர் மேல எவ்ளோ பாசம் இருந்தாலும் இந்த விஷயத்துல நான் அவர் பக்கம் நிக்க மாட்டேன்.

பாட்டு, சினிமா எல்லாம் உண்டு. 1993ல வந்த ராப் ஆல்பம் நல்லா வித்துச்சு, படங்கள் ஓடல. இப்ப டிஜே டீசல்னு பேர் வச்சுக்கிட்டு கச்சேரி பண்ணுறாரு.

டிவிக்கு எப்படி வந்தாரு?

ரிட்டயர் ஆன அதே 2011ல டிஎன்டி சேனல், மேட்ச் பத்தி உக்காந்து பேசுற 'இன்சைட் த என்பிஏ' நிகழ்ச்சிக்கு கூப்பிட்டாங்க. ஆனா அதுக்கும் படிச்சுட்டுத்தான் வந்தாரு. 2009லயே சிராக்யூஸ் யூனிவர்சிட்டில என்பிஏ பிளேயர்களுக்குனு நடத்துற வர்ணனையாளர் பயிற்சி வகுப்புல, மைக் புடிக்குறது, கேமரா பார்த்து பேசுறதுனு மாணவனா உக்காந்து கத்துக்கிட்டாரு.

அப்படி இருந்தும் முதல் சீசன் சரியா இல்ல. அடிக்குரல்ல முணுமுணுப்பாரு, பாதி புரியாது. தொகுப்பாளர் எர்னி ஜான்சன், பழைய பிளேயர்ங்க கென்னி ஸ்மித், சார்ல்ஸ் பார்க்லி மூணு பேரும் வருஷக்கணக்கா ஒண்ணா உக்காந்து பேச்சுக்கு பேச்சு சரியா விழுற கூட்டணி, நடுவுல நாலாவது நாற்காலி போட்டா எங்க பொருந்தும்? அதுவும் பார்க்லி கூட 1999ல கோர்ட்லயே அடிதடி, பார்க்லி பந்த இவர் தலைல எறிஞ்சு, ரெண்டு பேரும் கீழ விழுந்து உருண்டு வெளிய அனுப்பப்பட்டவங்க.

அந்த பழைய சண்டையத்தான் இவங்க நிகழ்ச்சியாவே மாத்திட்டாங்க. நாலு கப்பு வாங்குனவன் நான், ஒண்ணும் வாங்காதவன் நீனு ஷாக் ஆரம்பிப்பாரு, பார்க்லி விடமாட்டாரு, எர்னி நடுவுல பேப்பர அடுக்கிக்கிட்டு காத்திருப்பாரு. கென்னி பெரிய ஸ்கிரீன் பக்கம் ஓட எழுந்தா இவரும் பந்தயம் ஓடுவாரு. பிளேயர்ஸ் பண்ற சொதப்பல தொகுத்து 'ஷாக்டின் எ ஃபூல்'னு ஒரு பகுதி, வாராவாரம் ஜனங்க காத்திருந்து பாப்பாங்க. சென்டர் பொசிஷன் ஆடுறவங்கள மட்டும் ரொம்ப கடுமையா பேசுவாரு, சில நேரம் இந்தக் காலத்து ஆட்டத்துக்கு அது நியாயமாவே இருக்காது.

அவர் டிவில அழுத நாள் எது?

2020 ஜனவரி 28. ரெண்டு நாள் முன்னாடி ஹெலிகாப்டர் விபத்துல கோபியும் அவர் மக ஜியானாவும் மத்த ஏழு பேரும் போயிட்டாங்க. லேக்கர்ஸோட சொந்த அரங்கம், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேபிள்ஸ் சென்டர்ல இருந்த மேட்ச்ச தள்ளி வச்சுட்டாங்க. ஆள் இல்லாத அந்த அரங்கத்துல 'இன்சைட் த என்பிஏ' ஆளுங்க கோர்ட் நடுவுல நாற்காலி போட்டு உக்காந்து பேசுனாங்க. மூணு மாசம் முன்னாடிதான் ஷாக்கோட தங்கச்சி அயீஷா புற்றுநோய்ல இறந்திருந்தாங்க. கண்ணாடிய கழட்டி கண்ண தொடச்சுக்கிட்டே, கோபிய நேர்ல பார்த்த கடைசி நாள் 2016ல அவரோட கடைசி மேட்ச், அம்பது பாயின்ட் போடுனு கேட்டேன், அறுபது போட்டான்னாரு. ரெண்டு பேரும் லேக்கர்ஸ்ல வருஷக்கணக்கா சண்டை போட்டவங்க, அந்த சண்டைலதான் டீமே பிரிஞ்சுச்சு. ஒரு ஃபோன் போட்டு பேசியிருக்கலாமேனு அவர் தவிச்சத பார்த்துட்டு நான் அன்னைக்கே, பேசாம இருந்த என் பழைய ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு ஃபோன் போட்டேன்.

'டாக்டர்' ஓ'நீல்னு போடுறாங்களே, கௌரவ பட்டமா?

இல்லவே இல்ல, படிச்சு வாங்குனது. மயாமில பாரி யூனிவர்சிட்டி, கல்வித்துறை முனைவர் பட்டம், 2012 மே. நாலரை வருஷம் ஆச்சு, மதிப்பெண் நாலுக்கு 3.81. ஆய்வு எதப் பத்தினா, தலைமைல இருக்குறவங்க நகைச்சுவையயும் கண்டிப்பயும் எப்படி பயன்படுத்துறாங்கனு. கௌரவமா குடுக்குறத வாங்கிக்க நிறைய யூனிவர்சிட்டி வாசல் திறந்தே இருந்திருக்கும், இவர் உக்காந்து பரீட்சை எழுதுனாரு.

இப்ப அவர எங்க பார்க்கலாம்?

டிஎன்டிக்கு என்பிஏ ஒளிபரப்பு உரிமை 2024-25 சீசனோட போயிடுச்சு, ஆனா 'இன்சைட் த என்பிஏ' அதே நாலு பேரோட 2025-26ல இருந்து ஈஎஸ்பிஎன், ஏபிசில வருது, தயாரிப்பு பழைய டீம்தான். நம்ம ஊருக்கு காலைல வரும், ஆபீஸ் கிளம்புற நேரம், முழுசா பார்க்க முடியாது. துண்டு துண்டா யூடியூப்ல போடுறாங்க. முதல்தடவ பார்க்குறவங்க பார்க்லியும் இவரும் கப்பு பத்தி சண்டை போடுற ஏதாவது ஒண்ண பாருங்க, அப்புறம் அந்த ஸ்டேபிள்ஸ் சென்டர் நாள பாருங்க. பேட்டன் ரூஜ் பக்கம் யாராவது போனா எல்எஸ்யூல இவர் டங்க் பண்ற வெண்கல சிலை ஒண்ணு இருக்கு, கால்ல பலமில்லனு கோச்கிட்ட போயி நின்ன அதே பையன்தான்.